சோற்று முகங்கள்

காகம் பொய் சொல்லாது என்று எங்கள் இயக்குநர் திருவேங்கடம் மேடைக்கு மேடை முழங்குவார். முழங்கி முடித்ததும் யாராவது அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடை என்றால் மனிதருக்கு உயிர். யார் எந்தத் தட்டை நீட்டினாலும் என்ன ஏது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். காகம் பொய் சொல்லாது என்பதை நானும் மறுக்கவில்லை. நாம் என்ன கேட்கிறோம் என்று காகத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயம் அவர் மண்டையில் ஏறுவதற்குள் ஒரு மனிதருடைய கை உடைந்துவிட்டது.

நான் மங்கையர்க்கரசி. திருச்சியில் 'அந்தி' திட்டத்தின் ஒரே பறவை ஆய்வாளர். மீதி எல்லாரும் கம்ப்யூட்டர்காரர்கள். அவர்களுக்குக் காகமும் ஒன்று, கேமராவும் ஒன்று. கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் காகம் கொஞ்சம் உசத்தி.

திட்டம் இதுதான். கோடையில் காகங்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து கூடு கட்டும். ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஐப்பசியில் குஞ்சு வேலையெல்லாம் முடிந்து குளிர் எட்டிப் பார்த்ததும் தனிக்குடித்தனத்தை விட்டுவிட்டு எல்லாம் ஒன்றாக அடையத் தொடங்கும். பகல் முழுக்க ஊரை மேய்ந்துவிட்டு, வெயில் இறங்கியதும் நாலா திசையிலிருந்தும் பழைய ரயில்வே காலனியின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு வந்து சேரும். வானம் கறுத்துப்போகும். அரை மணி நேரம் ஒரே இரைச்சல். அப்புறம் சொல்லிவைத்தது மாதிரி அடங்கிவிடும்.

அந்தக் காகங்களில் பலவற்றின் பிடரியில் நெல்மணி அளவு வில்லை ஒன்றை வைத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்த முகங்களில் எது அதன் மனதில் ஆழமாகப் பதிந்ததோ, அதை அந்த வில்லை பிடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் காகம் மரத்தில் அமர்ந்ததும், மரத்தில் கட்டியிருக்கும் பெட்டி அதை வாங்கிக்கொள்ளும். ஊரின் கண்கள் தாமாகவே வீடு திரும்புகின்றன, நாம் வாசலில் நின்று வாங்கிக்கொண்டால் போதும் என்பார் இயக்குநர். பொன்னாடை.

காகத்தின் மனதில் ஆழமாகப் பதிவது இரண்டே முகங்கள். ஒன்று, தனக்குக் கெடுதல் செய்தவனின் முகம். அதைப் பகை முகம் என்போம். இன்னொன்று, தனக்குச் சோறு வைத்தவரின் முகம். இதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சோற்று முகம். எங்கள் ஊரில் பாதிப் பேர் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். அத்தனை முகத்தையும் வாங்கினால் இயந்திரம் மூச்சுமுட்டிப்போகும். அதனால் சோற்று முகங்களை மரத்திலேயே வடிகட்டிக் கொட்டிவிடுவோம். பகை முகம் மட்டும்தான் திரைக்கு வரும்.

முதல் மாதமே ஒரு சங்கிலித் திருடன் சிக்கினான். ஓடும்போது குப்பைமேட்டில் இருந்த காகங்களை எட்டி உதைத்துவிட்டு ஓடியிருக்கிறான். அது அவனுடைய தலையெழுத்து. அதிலிருந்து போலீசுக்கு எங்கள் மேல் ஒரே பாசம்.

தை பிறந்து பொங்கல் கழிந்த வாரத்தில், உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய தெருவிலிருந்து இதழினி என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தை காணாமல் போனது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது, அடுத்த நிமிடம் இல்லை. அன்று சாயங்காலமே, அந்தத் தெருவில் பிடித்து வில்லை வைத்த காகங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். அத்தனையிலும் ஒரே பகை முகம். சவரிமுத்து, வயது நாற்பத்தைந்து, மின்சார லைன்மேன். அன்று காலை அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் குலோத்துங்கன் ஆளைத் தூக்கிக்கொண்டு போனார். குற்றவாளி கிடைத்துவிட்டதால் வாய்க்காலில் தேடியவர்களையும் புதரில் தேடியவர்களையும் திரும்ப அழைத்துவிட்டார்கள். இனிமேல் அவர் வாயைத் திறந்தால் போதும் என்று எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு நெருடல் இருந்தது. அத்தனை காகத்துக்கும் ஒரே மனிதர் மேல் அவ்வளவு வெறி வர அவர் என்னதான் செய்திருப்பார்?

மூன்றாம் நாள் தை அமாவாசை. மதியம் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். வெயில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கையில் பெரிய கறுப்புக் குடை.

"நீங்கதான் காக்கா மேடமா? நான் சவரிமுத்து சம்சாரம், லூர்துமேரி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு கைய ஒடிச்சுட்டாங்க மேடம். புள்ள எங்க, புள்ள எங்கன்னு கேக்குறாங்க. தெரியாததை மனுசன் எப்படிச் சொல்லுவாரு? இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்ல வச்சிருவோம்னு அந்த இன்ஸ்பெக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு."

"அன்னிக்குக் காலைல அந்தத் தெருவுல அவருக்கு என்ன வேலை?"

"டிரான்ஸ்பார்மர்ல காக்கா ஒண்ணு மாட்டிச் செத்துப்போச்சு. கரண்ட் இல்லன்னு போன் வந்துச்சு. இவரு ஏறி அதை எடுத்துக் கீழ கொண்டாந்து பொதைச்சாரு. அதுலேர்ந்து அந்தக் காக்காவெல்லாம் அவரை விரட்டி விரட்டிக் கொத்துது. அதுக்குத்தான் இந்தக் குடை, ஸ்டேசன் வாசல் வரைக்கும் கொத்துச்சு. போலீஸ்ல சொன்னோம், யாரும் காதுல போட்டுக்கல."

காகங்களைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் முதல் வருடமே தெரியும் பாடம் இது. செத்த காகத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் காகத்துக்குக் கொலைகாரர். அவர் கொன்றாரா, எடுத்துப் புதைத்தாரா என்று அது விசாரிப்பதில்லை. ஒன்று கத்தினால் ஊரே கூடிக் கத்தும், பிறகு வருடக்கணக்கில் அந்த முகத்தை மறக்காது. காகங்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. எங்கள் ஆளை இவர் தூக்கிக்கொண்டு போனார் என்று சொன்னதை, எங்கள் குழந்தையை இவர் தூக்கிக்கொண்டு போனார் என்று நாங்கள் படித்துவிட்டோம்.

இயக்குநரின் அறைக்கு ஓடினேன். அவர் சாயங்கால விழா ஒன்றுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த லைன்மேனை விடச் சொல்லுங்க. அவர் செத்த காக்காவை எடுத்திருக்கார். அதனாலதான் பகை முகம்."

"மங்கை, நாலு ஊருக்கு இந்தத் திட்டம் போகப்போற நேரம். இப்பப் போய் மெஷின் தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

"மெஷின் தப்புன்னு சொல்லல. நாம படிச்சது தப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான்மா பேப்பர்ல. அந்த ஆள் நிரபராதின்னா குழந்தை எங்க? அதைச் சொல்லு, விடச் சொல்றேன்."

கேள்வி என்னவோ நியாயமானதுதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

லூர்துமேரியோடு அந்தத் தெருவுக்குப் போனேன். தெருமுனையிலேயே அவர் நின்றுவிட்டார். "நேத்து கல்லு விட்டு அடிச்சாங்க மேடம். நீங்க போய்ட்டு வாங்க," என்றார். டிரான்ஸ்பார்மர் அடியில் புதிதாகத் தோண்டி மூடிய மண் இருந்தது. குச்சியால் கிளறினேன். கறுப்பு இறகு தெரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் குழந்தை எங்கே என்பதற்கு அது பதில் இல்லை.

இதழினியின் வீட்டு மதில்மேல் வாழையிலைத் துண்டில் சோறு இருந்தது. அமாவாசைச் சோறு. அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் எழும்பவே இல்லை. ஒரு காகமும் வரவில்லை.

"ஊரெல்லாம் இன்னிக்குச் சோறு. இங்க எதுக்கு வரும்?" என்றார் என்னைப் பார்த்து, நான் யார் என்றுகூடக் கேட்காமல். "எல்லா நாளும் அவதாங்க வைப்பா. காக்காய்க்கு வைக்காம ஒரு வாய் திங்க மாட்டா. பிஸ்கட்டா இருந்தாலும் ஒரு துண்டு ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் கடிப்பா. ஸ்கூல்ல டீச்சர் திட்டினாக்கூடக் கேக்க மாட்டா."

மதில்மேல் இருந்த சோற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

குழந்தை உயிரோடு இருந்தால் எதையாவது தின்றிருக்கும். தின்றிருந்தால் முதல் துண்டைக் காகத்துக்குப் போட்டிருக்கும். அப்படியானால் இந்த ஊரில் ஏதோ ஒரு காகம் அந்த முகத்தோடு தினமும் வந்து எங்கள் மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அதைச் சோற்று முகம் என்று தினமும் வடிகட்டிக் கொட்டியிருக்கிறோம். அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. கொட்டியது போனதுதான், இனி இன்றைக்கு வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.

இயக்குநருக்கு போன் செய்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் வடிகட்டியை நிறுத்தணும் சார்."

"அமாவாசை அன்னிக்கா? உனக்கென்ன பைத்தியமா? ஊர் மொத்தமும் சோறு வச்சிருக்கு. மெஷின் படுத்துடும். இன்னிக்குப் பகை முகம் ஒண்ணுகூட வராது. முடியாது." பின்னால் நாதஸ்வரம் கேட்டது. வைத்துவிட்டார்.

வடிகட்டியை நிறுத்த அவருடைய கடவுச்சொல் வேண்டும். அது அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். பொன்னாடை, அதன் பின்னால் அவர் பிறந்த வருடம்.

மடிக்கணினியோடு ரயில்வே காலனி மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். காகங்கள் வரத் தொடங்கின. முதலில் காவிரிப் பக்கமிருந்து வந்தன, அப்புறம் எல்லாப் பக்கமிருந்தும். நான் வடிகட்டியை நிறுத்தினேன். இதழினியின் படத்தைக் கொடுத்து இந்த முகம் மட்டும் வேண்டும் என்று கேட்டேன். திரையில் ஊரே வந்து கொட்டியது. மாமிகள், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள், புதுமாப்பிள்ளைகள், குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற ஆண்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி, கா என்று வாயைத் திறந்தபடி. இவ்வளவு நாளும் இந்த ஊரில் திருடர்கள் மட்டுமே இருப்பது போல ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இயந்திரம் இரண்டு முறை நின்றுபோனது. திரும்பத் தட்டி எழுப்பினேன்.

மரத்தில் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு எல்லாக் காகத்துக்கும் வயிறு முட்டச் சோறு, வடை, பாயசம். ஒரு குழந்தை போட்ட ஒரு துண்டை எந்தக் காகம் மனதில் வைத்துக்கொண்டு வரும்?

இரைச்சல் அடங்கியது. ஒன்றுமில்லை. பெட்டியை அணைக்கக் கை போனபோது கடைசிக் காகம் ஒன்று தனியாக வந்து கிளை தேடி அமர்ந்தது. திரையில் ஒரு முகம் மெல்லத் தெளிந்தது. அழுக்குக் கன்னம், ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல். இதழினி. முகத்துக்கு முன்னால் கம்பி.

அத்தனை ஆயிரத்தில் அந்த ஒரே காகம்தான்.

குலோத்துங்கனை போனில் பிடித்தேன். "குழந்தை உயிரோட இருக்கு. ஒரு காக்கா இன்னிக்குப் பார்த்திருக்கு. உங்க ஆள் உங்ககிட்டதான் இருக்கார், அப்புறம் யார் இன்னிக்கு அதுக்குச் சாப்பாடு குடுத்தது? அவரை இனிமே தொடாதீங்க."

"எங்க பார்த்துச்சாம்?"

"தெரியாது. வில்லைல இடம் காட்டாது. ஆனா சோறு கிடைச்ச இடத்துக்குக் காக்கா மறுநாள் விடிஞ்சதும் திரும்பப் போகும். வண்டியோட வாங்க."

விடியலில் வந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை, மோட்டார் சைக்கிளை அணைக்கவும் இல்லை. பின்னால் ஏறிக்கொண்டேன். மரத்துப் பெட்டியிலிருந்து கழற்றிய வாங்கியை, வில்லையின் சேதியை வாங்கும் கருவியை, கையில் பிடித்திருந்தேன். அந்தக் காகம் கிட்டத்தில் இருந்தால் அது முனகும், தூரம் போனால் ஊமையாகிவிடும். கிழக்கு வெளுத்ததும் மரம் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பியது. வாங்கி முனகியது.

"வாய்க்கால் பக்கம்! ஓட்டுங்க!"

ஓட்டினார். சிக்னலையும் ஸ்பீடு பிரேக்கரையும் அவர் கண்டுகொள்ளவில்லை. பாலத்தருகே வாங்கி ஊமையானது. இடது பக்கம் திரும்பினோம், ஒன்றுமில்லை. திரும்பி வலது பக்கம் போனோம், மறுபடி முனகல். காகம் ஒரு டீக்கடைக் கூரையில் உட்கார்ந்து, யாரோ வீசிய வடைத் துண்டைச் சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

"சனியன், இதுக்கு இப்பத்தான் டிபனா?" என்றார் குலோத்துங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு. "மேடம், இது தப்பாப் போச்சுன்னா?"

"போகக் கூடாது," என்றேன். வேறென்ன சொல்வது?

காகம் அலகைக் கூரையில் துடைத்துக்கொண்டு எழுந்தது. வாய்க்காலைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டியிருந்த ஒரு பொரிப் பட்டறையின் பின்புறம் போய் இறங்கியது. முன்னால் ஷட்டர் பூட்டியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு வியாபாரம் கிடையாது என்று முதலாளி பூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தாராம். நாங்கள் பின்னால் ஓடினோம். உயரத்தில் புகைபோக ஒரு கம்பிச் சன்னல். காகம் அதன் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. நாலைந்து பொரியை விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனது.

அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து ஷட்டரை உடைத்தார்கள். பொரி மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அரிசி ஊறவைக்கும் டிரம்மில் தண்ணீர் இருந்திருக்கிறது. தொண்டை கட்டிப்போய்க் குரலே இல்லை. பூனைக்குட்டி பின்னால் உள்ளே போனாளாம், முதலாளி பார்க்காமல் ஷட்டரை இறக்கிவிட்டாராம். கடத்தலே இல்லை, கடத்தியவன் என்று ஒருவனும் இல்லை. நடக்காத ஒரு குற்றத்துக்குக் குற்றவாளியைப் பிடித்துக் கையையும் ஒடித்திருந்தோம். தேடுவதை நிறுத்தாமல் இருந்திருந்தால் மறுநாளே இந்தப் பட்டறைக்கு வந்திருப்பார்கள்.

குலோத்துங்கன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும். மறுநாள் பேப்பரில் 'காகம் காப்பாற்றிய குழந்தை' என்று வந்தது. இயக்குநருக்கு எத்தனை பொன்னாடை என்று நான் எண்ணவில்லை. சவரிமுத்துவைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனவரைத் தெருக்காகங்கள் இன்னமும் விரட்டின. புதுக் குஞ்சுகளும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மனிதர்களும் கற்றுக்கொண்டார்கள்.

"காக்கா சும்மாவா கத்தும்னு எங்க எதுத்த வீட்டுக்காரி கேக்குறா மேடம்," என்றார் லூர்துமேரி. "புள்ள கெடைச்சுருச்சு, இதுல இல்லன்னா வேற எதுலயாவது இருக்கும்ங்கிறா. கடையில யாரும் இவருகிட்ட பேசுறதில்ல."

இயக்குநரிடம் சொன்னேன். சவரிமுத்துவின் முகத்தை இயந்திரத்திலிருந்து நீக்குங்கள், தவறு என்று வெளியே சொல்லுங்கள் என்றேன்.

"காக்கா மனசுல இருக்கறதை நான் எப்படிம்மா அழிக்கிறது?" என்றார் அன்பாக. "வர்ற வெள்ளிக்கிழமை மரத்தடியில விழா. மந்திரி வர்றார், பெரிய திரை வைக்கிறோம். ஒரு கேஸை நேரடியாப் போட்டுக் காட்டப்போறோம். காலனியில ஒரு பைக் திருடு போயிருக்கு, அதையே வச்சுக்கலாம். நீ பொன்னாடைத் தட்டைக் கவனிச்சுக்கோ."

கவனித்துக்கொண்டேன்.

குளிர்கால மரத்தடியில் கிழடும் நோயுமாகக் காகங்கள் அவ்வப்போது செத்து விழும். மற்றவை மேயப் போன பிறகு அவற்றை எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை காலையிலும் ஒன்று கிடந்தது.

சாயங்காலம் மைக், நாற்காலிகள், மந்திரி. கடைசி வரிசையில் லூர்துமேரியும் சவரிமுத்துவும். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். தலைக்கு மேல் காகங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. காகம் பொய் சொல்லாது என்று இயக்குநர் முழங்கி முடித்தார். நான் தட்டை நீட்டினேன். வழக்கம்போல என்ன ஏது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கினார். பொன்னாடை நழுவியது. கையில் செத்த காகம் இருந்தது.

போட்டுவிடத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஒன்று கத்தியது. பிறகு மரங்கள் மொத்தமும் கத்தின. மந்திரி காதைப் பொத்திக்கொண்டார். நான் இயக்குநர் கையிலிருந்து காகத்தை வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, அவை நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். பயமாக இருந்தது. ஆனாலும் இறக்கவில்லை.

அவை அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியதும் பெரிய திரை தானாக ஒளிர்ந்தது. மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கு. முதல் பகை முகம், திருவேங்கடம். அடுத்தது நான்.

யாரும் கைதட்டவில்லை. பாதுகாப்புக்கு வந்திருந்த குலோத்துங்கன் மேடையேறி இயக்குநர் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்ஸ்பெக்டர், இது அநியாயம்," என்றார் இயக்குநர். வியர்த்திருந்தது. "நான் எந்த பைக்கையும் எடுக்கல. செத்த காக்காவைக் கையில வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

"சவரிமுத்துவும் இதையேதான் சார் சொன்னாரு," என்றார் குலோத்துங்கன். மைக் அணைக்கப்படவில்லை. "நான்தான் கேக்கல."

மந்திரி எழுந்து காருக்குப் போனார். நான் மேடையிலிருந்து இறங்கினேன். தலைக்கு மேல் ஒரு காகம் தாழப் பறந்து கூந்தலைத் தட்டிவிட்டுப் போனது. கடைசி வரிசையில் லூர்துமேரி குடையை விரித்து, கணவரைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார்.

"உள்ள வாங்க மேடம். இனிமே உங்களையும் கொத்தும்."